பஸ் சங்கு

1

சென்ற அக்டோபரில், எங்கள் நகராட்சித் தேர்தலுக்கு முந்தின வாரம், நூலகத்தின் கீழ்த்தளத்தில் வேட்பாளர் கூட்டம் நடந்தது. எங்கள் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர். நான்கு பேர் போட்டி. கனடாவில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. போட்டியிடும் எல்லோரும் ஒரே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஊர்க்காரர்கள் கேள்வி கேட்பார்கள். ஒரு பதிலுக்குத் தொண்ணூறு வினாடி. முன்வரிசையில் ஒருவர் கடிகாரத்தோடு உட்கார்ந்து அட்டை காட்டுவார். மஞ்சள் அட்டை என்றால் இன்னும் பதினைந்து வினாடி. சிவப்பு என்றால் நிறுத்து.

அந்த அட்டைகளைப் பிடிக்க என்னைக் கேட்டார்கள். கேட்டது என் மகள் சுகந்தி. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவள்தான்.

"அப்பா, உங்களை விட்டா யாரு? நீங்க டைம் கீப்பர். இட்ஸ் யுவர் ஜாப்."

"அந்த வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சும்மா."

"மூணு அட்டைதானப்பா. ரெண்டு மணி நேரம்."

"ரெண்டு அட்டை" என்றேன். அவள் சிரித்தாள். நான் ஒத்துக்கொண்டுவிட்டதாக அதற்கு அர்த்தம்.

அன்று அங்கே நடந்ததையும், அதற்கு முன் 1991-இல் ஒரகடம் சாலையில் நடந்ததையும் எழுதுகிறேன். இரண்டாவதைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. தவறாகச் சொல்லியிருக்கிறேன்.

2

இங்கே வந்த புதிதில் ஆங்கில வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். பட்டம் பெற்றவன், ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் பிழைத்தவன். ஆனாலும் படிவத்தில் அந்தக் கட்டம் நிரம்ப வேண்டும். ஊரில் என்ன வேலை என்று ஆசிரியை கேட்டார். நேரம் பார்ப்பவன் என்று சொன்னேன். அடுத்த நாள் அவர் தன் பழைய கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஓடவில்லையாம். என் வேலையை விளக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. விளக்கிய பிறகும் அவர் முகத்தில் ஏமாற்றம்தான் இருந்தது.

அந்த வேலை இதுதான். லாரிகளுக்கான இரும்புப் பாகங்களை வார்க்கும் ஆலை அது. வாசலை ஒட்டி டைம் ஆபீஸ். ஆள் வந்தாரா, எத்தனை மணிக்கு வந்தார், எந்தப் பகுதியில் நின்றார் என்பதெல்லாம் என் பேரேட்டில் இருக்கும். சங்கும் என் பொறுப்பு. ஷிப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் ஊதும் பெரிய சங்கு மின்கடிகாரத்தோடு இணைந்தது, தானாகவே ஊதிக்கொள்ளும். அது போக, குட்டையாக ஒரு சங்கு உண்டு. அதற்குப் பஸ் சங்கு என்று பெயர். முதல் ஷிப்ட் மூன்று மணிக்கு விடும். மூன்று இருபதுக்குப் பஸ் சங்கு ஊதினால் கம்பெனி பஸ்கள் கிளம்பும். ஒன்று ஸ்ரீபெரும்புதூருக்கு, மற்றது சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்கு. அதைத் தவறவிட்டால் செங்கல்பட்டு ரயிலும் போய்விடும்.

அதனால் பஸ் சங்கு ஊதினால் யாரும் யோசிக்க மாட்டார்கள், ஓடுவார்கள். ஷிப்ட் விட்டதும் ஜன்னல் வழியாகத் துண்டையோ சாப்பாட்டுப் பையையோ இருக்கையில் எறிந்துவிட்டுத்தான் டீக்கடைக்கே போவார்கள். எஞ்சின் உறுமிய பிறகு ஆளில்லாத துண்டுக்கு மதிப்பில்லை. எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம் என்பது எழுதாத சட்டம்.

3

1991 மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் வெடித்த குண்டால் எங்கள் பக்கத்துப் பெயர் உலகமெல்லாம் போயிற்று. அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒலிபெருக்கி வைத்துக் கூட்டம் போடுவது எளிதாக இல்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும். ஆகவே அந்த ஆண்டின் தொழிற்சங்கத் தேர்தல் வெறும் தொண்டையால் நடந்தது.

தலைவர் பதவிக்கு இருவர். தேவராஜ் மெஷின் ஷாப், ஸ்ரீபெரும்புதூர்க்காரர். மாதா கோயிலில் வாசகம் படித்துப் பழகிய குரல். ஒரு வரி சொன்னால் கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கும், வீட்டுக்குப் போன பிறகும் நினைவில் இருக்கும். மற்றவர் ஏழுமலை, வடக்குப்பட்டு. ஃபெட்லிங் பகுதி, அதாவது வார்ப்பில் ஒட்டியிருக்கும் பிசிறுகளைச் சாணைக்கல்லில் தேய்த்து எடுக்கும் இடம். அங்கே நாற்பது பேருக்கு மேல் அவருடைய ஊர்க்காரர்கள். நிரந்தரமாகாதவர்கள். அவருடைய இரண்டு தம்பிகளும் அதில் அடக்கம்.

ஏழுமலை பேச ஆரம்பித்தால் வார்த்தை ஒவ்வொன்றும் வந்து சேர நேரமாகும். பேச்சில் ஓட்டை இருக்காது. ஆனால் ஓட்டமும் இருக்காது. தேவராஜ் அவரை முகத்துக்கு நேராகவே கிண்டல் செய்வார்.

"டேய் ஏழுமல, நீ பேசி முடிக்கிறதுக்குள்ள நம்மள்ளாம் ரிடயர்டு ஆயிடுவோம்டா."

"நீ பேசி முடிச்சப்புறம் இன்னா பேசினன்னு யோசிச்சா ஒண்ணுமே இல்லியே தேவராஜு. அதுக்கு இது தேவல."

இருவரும் நண்பர்கள்தாம். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு இருவரும் சேர்ந்து டைம் ஆபீசுக்கு வந்தார்கள். அப்படி யாரும் வந்ததில்லை.

புதிய சம்பள ஒப்பந்தத்தின் வரைவு சுற்றில் இருந்தது. ஜெயிக்கிறவர்தான் அதில் கையெழுத்துப் போடப்போகிறார். எப்போதும்போல ஆளுக்கு ஐந்து நிமிடம் கத்திவிட்டுப் போகாமல், ஒரே இடத்தில் நின்று, அந்த ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் பேசி, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுத் தீர்த்துவிடலாம் என்பது ஏழுமலையின் யோசனை. தேவராஜுக்கும் அது பிடித்திருந்தது. பேச்சென்றால் அவருக்கு என்ன பயம்.

"ஆளுக்குக் கால் மணி, அப்புறம் கேள்வி. வெள்ளிக்கிழமை மட்டும் பஸ்ஸ அர மணி நேரம் நிறுத்தி வெக்கணும் சார். மூணே முக்காலு, மூணு அம்பது" என்றார் ஏழுமலை.

"ரயில்?"

"அடுத்த ரயிலு கீதே சார். எல்லார்கிட்டயும் கேட்டுட்டோம். ஒரு நாளு தான, நிப்போம்னுட்டாங்க."

சரி என்றேன். நாட்குறிப்பிலும் எழுதி வைத்தேன். தேவராஜ் போன பிறகும் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். மடித்த காகிதத்தை எடுத்து விரித்தார். ஒப்பந்த வரைவின் கடைசிப் பக்கம்.

"சார், படிச்சவரு நீ. இந்த லிஸ்ட்ல ஃபெட்லிங்கு இன்னாத்துக்கு கீது?"

அது ஓர் இணைப்பு. 'துணைப் பணிகள்' என்று தலைப்பு. தோட்டம், கேன்டீன், துப்புரவு என்று போய், ஏழாவது வரியில் ஃபெட்லிங். ஒன்பதாம் பிரிவின்படி துணைப் பணிகளை ஒப்பந்தக்காரரிடம் கொடுக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. பிரிவைப் படித்தவர்கள் இணைப்பைப் பார்க்கவில்லை. இணைப்பைப் பார்த்தவர்களுக்குப் பிரிவு நினைவில்லை. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்.

"தெரியலயே ஏழுமலை" என்றேன்.

4

வெள்ளிக்கிழமை மூன்று ஐந்துக்குக் கூட்டம் தொடங்கியது. வாசலுக்கு வெளியே, பஸ்களுக்குப் பக்கத்தில். டைம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரியும், கேட்கும்.

தேவராஜ் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். உயர்வு வருகிறது, போனஸ் வருகிறது, வருவதை வாங்கத் தெரிந்தவனை அனுப்புங்கள். கைதட்டல். மூன்று பதினைந்துக்கு ஏழுமலை ஒரு மரப்பெட்டி மேல் ஏறினார். யாரோ, "அண்ணே, நாளைக்கு லீவு தான, மெதுவா பேசு" என்று கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் நகரவில்லை. அவரும் சிரித்துவிட்டு, காகிதத்தைப் பிரித்து, ஒன்பதாம் பிரிவை எழுத்துக் கூட்டிப் படித்தார். "இதுல துணைப் பணின்னு ஒரு வார்த்த கீது. அது இன்னா ஏதுன்னு..." என்று சொல்லிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

அந்த நேரத்தில் பர்சனல் மேனேஜர் என் அறைக்குள் வந்து ஜன்னலருகே நின்றார்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"அரை மணி கேட்டாங்க சார். கொடுத்திருக்கேன்."

"நீங்க கொடுத்தீங்களா?" என்றார். கோபமில்லை. "சரி. நேரம் உங்க டிபார்ட்மெண்ட்." போய்விட்டார்.

இத்தனை ஆண்டுகளாக அதை ஓர் உத்தரவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உத்தரவு இல்லை. அவர் போன பிறகு அந்த அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். மூன்று இருபது ஆயிற்று. பஸ் சங்கின் பித்தானை அழுத்தினேன்.

டிரைவர்கள் எஞ்சினைப் போட்டார்கள். கூட்டம் ஒரு கணம் தயங்கியது. முதலில் ஓடியவர் யாரென்று தெரியவில்லை. ஒருவர் ஓடினால் மற்றவரின் துண்டு போய்விடும். அரை நிமிடத்தில் மரப்பெட்டியும் ஏழுமலையும் காகிதமும்தான் மிச்சம். தேவராஜ் பஸ் படியில் நின்று, "இர்ரா, இர்ரா டிரைவரு, பேசிக்கினு கீறான் இல்ல" என்று கத்தியது எனக்குக் கேட்டது. அவரை அதற்குமேல் குறை சொல்ல முடியாது.

5

திங்கட்கிழமை வாக்குப்பதிவு. காலையில் ஏழுமலை வந்தார்.

"இன்னா சார், பஸ்ஸ நிறுத்தறேன்னியே."

"சங்கு கடிகாரத்தோட இணைஞ்சது ஏழுமலை. மாத்தி வைக்க மறந்துட்டேன்."

"மறதி யாருக்கு இல்ல, வுடு சார். கடியாரம் அதும் வேலய பாக்குது, அத்த இன்னா பண்ண முடியும்" என்றார். என்னைத் தேற்றினார்.

சிறு வித்தியாசத்தில் தேவராஜ் ஜெயித்தார். ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஓராண்டுக்குள் ஃபெட்லிங் ஒப்பந்தக்காரரிடம் போனது. தற்காலிகமாக இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் ஆள் எண் பொறித்த பித்தளை வில்லைகளை என் மேசையில் வைத்துவிட்டு, மறுநாள் வேறு நிறச் சட்டையோடு அதே சாணைக்கல்லுக்குத் திரும்பினார்கள். இனி அவர்கள் பெயர் என் பேரேட்டில் இல்லை. ஏழுமலை தம்பிகளோடு வந்திருந்தார். வில்லைகளை அவரே வாங்கி வைத்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் கெட்ச்சிருந்தா சொல்லி முடிச்சிருப்பேன் சார். எனக்குத்தான் வேகமா வராதே."

நான் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஆண்டு கழித்து என் மைத்துனர் உதவியோடு கனடாவுக்கு விண்ணப்பித்தேன். படிப்பு, வயது, மொழி என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. அனுபவச் சான்றிதழுக்கும் உண்டு. பர்சனல் மேனேஜர் அரைப் பக்கம் எழுதித் தந்தார். நேரத்தைக் கையாள்வதில் முழுமையாக நம்பத் தகுந்தவர் என்று அதில் ஒரு வாக்கியம். விசா அதிகாரி அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடிட்டதை நான் பார்த்தேன். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நேரம் பார்க்கும் பழக்கமும் போகவில்லை. மகன் வான்கூவரிலிருந்து ஞாயிறுதோறும் பேசுவான்; ஏழு நிமிடம். பேரப்பிள்ளைகளின் குரல் அதில் ஒன்றரை நிமிடம், ஆங்கிலத்தில். பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் கண் கடிகாரத்துக்குப் போய்விடுகிறது.

6

நூலகக் கூட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் என் அட்டைகள் சரியாக வேலை செய்தன. பிறகு ஒருவர் எழுந்து, ரயில் பாதைக்குப் பின்னாலுள்ள பழைய குடியிருப்புகளை இடித்தால் அங்கே வாடகைக்கு இருப்பவர்களுக்குத் திரும்ப இடம் கிடைக்குமா என்று கேட்டார். முதல் இருவரும் நாங்கள் வாடகைதாரர்கள் பக்கம் என்றார்கள். அதற்கு இருபது வினாடி போதுமானதாக இருந்தது. மூன்றாவது வேட்பாளர் பூக்கடை வைத்திருக்கும் பெண். கிடைக்கும் என்று விதி சொல்கிறது, ஆனால் அந்த விதியின் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது என்று ஆரம்பித்தார். காகிதத்தைப் புரட்டினார். அந்தப் பக்கத்தைத் தேடினார்.

மஞ்சளைக் காட்டினேன். சிவப்புக்கான நேரம் வந்தது. அட்டை என் மடியிலேயே இருந்தது.

அவர் நான்கு நிமிடம் பேசினார். நான்காவது வேட்பாளர், "நேரம் பார்ப்பவர் தூங்கிவிட்டாரா?" என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. கூட்டத்தை நடத்திய நூலகர் குனிந்து, மிகுந்த மரியாதையோடு, என் கையிலிருந்து அட்டைகளை வாங்கிக்கொண்டார்.

காரில் ஏறியதும் சுகந்தி கேட்டாள்.

"என்னப்பா ஆச்சு? தூங்கிட்டீங்களா?"

"இல்ல. பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"தென் வை? அவங்களுக்கு மட்டும் நாலு நிமிஷம். தட்ஸ் நாட் ஃபேர். நானே அவங்களுக்குத்தான் ஓட்டுப் போடப் போறேன். ஆனா அப்பாவை வெச்சு ஏமாத்திட்டான்னு நாளைக்கு என்னைத்தான் சொல்வாங்க."

அவள் சொன்னது சரி. ஒரு முறை ஒருவருடைய நேரத்தை எடுத்தேன். இந்த முறை ஒருவருக்குக் கொடுத்தேன். இரண்டு முறையும் யாரையும் கேட்கவில்லை. பழைய கணக்கை வேறு யாரோ ஒருவரிடம் சரிசெய்யப் பார்த்தேன்.

அவளிடம் 1991-ஐச் சொன்னேன். அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடிந்ததும், "அப்போ கேண்டிடேட்ஸ் நேருக்கு நேர் பேசறதை இன்னும் நீட்டமா வெச்சா சரியாயிடுமாப்பா? யாரு உக்காந்து கேப்பாங்க? பிள்ளைங்களை யார்கிட்டயோ விட்டுட்டு வர்றாங்க" என்றாள்.

எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். வேட்பாளர்கள் நீண்ட நேரம் எதிரெதிரே நின்று பேசத்தான் வேண்டும். வெறும் நீளத்தால் பயனில்லை. பேச்சு வல்லவருக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தால் இரண்டு மணி நேரமும் இனிமையாகவே போகும். ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, அதன் கடைசிப் பக்கம் வரை போகும் அளவுக்கு நேரம் வேண்டும். நம் வாழ்க்கையை மாற்றும் வரிகள் பெரும்பாலும் இணைப்பில் இருக்கின்றன. இணைப்பைத் தொண்ணூறு வினாடியில் விளக்க முடியாது. அதை மறைக்கத் தொண்ணூறு வினாடி தாராளம்.

ஆனால் சுகந்தியின் கேள்வி நிற்கிறது. அன்று ஓடியவர்களை நான் ஒருபோதும் குறை சொன்னதில்லை. அவர்கள் கேட்கத் தயாராகத்தான் நின்றார்கள். அடுத்த ரயிலில் போகிறோம் என்று ஒத்துக்கொண்டவர்கள். பஸ்ஸை நிறுத்தி வைக்காமல் மக்களுக்குப் பொறுமையில்லை என்று சொல்வது என்னைப் போன்றவர்களின் பேச்சு.

"அவர் இருக்காரா?" என்றாள் சுகந்தி, வண்டியை எடுக்குமுன்.

"தெரியாது."

"அவர்கிட்டதானப்பா சொல்லணும். என்கிட்ட இல்ல."

7

தேவராஜ் இப்போதும் கிறிஸ்துமசுக்கும் பொங்கலுக்கும் வாட்ஸப்பில் வாழ்த்து அனுப்புவார். அவரிடம் ஏழுமலையின் எண் கேட்டேன். குரல் பதிவாகப் பதில் வந்தது. "ஏழுமலயா? வடக்குப்பட்டுலதான் கீறான் சார். போன் பண்ணா டைம் வெச்சுக்கினு பண்ணு. லேசுல வெக்க மாட்டான்."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அழைத்தேன். அங்கே மாலை.

"யாரு? டைம் ஆபீஸ் சாரா? இன்னா சார், அந்தப் பனில உசுரோடதான் கீறியா?"

நிறையப் பேசினார். ஆலை இருந்த இடத்தில் இப்போது குடோனாம். சுற்றி எல்லாம் கார் கம்பெனிக்காரர்கள். வீட்டு மாடியில் நான்கு அறை கட்டித் திருநெல்வேலிப் பையன்களுக்கு விட்டிருக்கிறார். "அதுங்க பேசறது எனக்குப் புரியல, நான் பேசறது அதுங்களுக்குப் புரியல. ஒருத்தருக்கொருத்தரு நல்லாத்தான் போய்க்கினு கீது."

இடைவெளி கிடைத்ததும் சொன்னேன்.

"ஏழுமலை, அன்னைக்கு நான் மறக்கல. பஸ் சங்குக்குக் கடிகாரம் கிடையாது. பித்தான்தான். நான்தான் அழுத்தினேன்."

இருபது வினாடி வரை எண்ணினேன்.

"யார்னா சொல்லி செஞ்சியா?"

"யாரும் சொல்லல."

"நீயாவா?"

"நானாத்தான். அந்த லிஸ்டை டைப் பண்ணினதும் நான்தான். நீங்க கேட்டப்போ தெரியாதுன்னு சொன்னேன்."

அந்தப் பக்கம் எங்கோ குக்கர் விசிலடித்தது. யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள்.

"சின்னத் தம்பி போன வருசம் பூட்டான் சார்" என்றார். "கடைசி வரிக்கும் காண்ட்ராக்ட்டுலதான் கீந்தான்."

நான் மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி வைத்திருந்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் தடுத்தார்.

"இரு சார், நீ பேசாத. போன வெச்சுடவும் வெச்சுடாத. அன்னிக்கு நான் எங்க வுட்டேன்?"

எனக்கு நன்றாக நினைவிருந்தது. "ஒன்பதாம் பிரிவு படிச்சீங்க. துணைப் பணின்னு ஒரு வார்த்தை இருக்குன்னீங்க. கடைசிப் பக்கத்தைத் திருப்பினீங்க."

"ஆங்."

தொண்டையைச் செருமினார். பிறகு அந்த இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார். அதே நிதானம். ஒவ்வொரு வார்த்தையும் வந்து சேரக் காத்திருந்து பேசினார். "ஏழாவது வரில பாருங்க. தோட்டக்காரன் கீறான், கேன்டீன்காரன் கீறான், அவங்களுக்கு நடுவுல நம்மள உக்கார வெச்சிருக்கான். அது இன்னாத்துக்குன்னு நீங்களே யோசன பண்ணுங்க..." ஒன்பதாம் பிரிவையும் ஏழாவது வரியையும் சேர்த்து வைத்து, அதனால் யார் யார் வெளியே போவார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னார். நாற்பது சொச்சம் பெயர்கள். எதுவும் விடுபடவில்லை. தம்பிகளின் பெயர்களைக் கடைசியில் சொன்னார். கடைசியாகத் தேவராஜிடம் கேட்க வைத்திருந்த கேள்வியையும் கேட்டார்: "தேவராஜு, நீ ஜெயிச்சா இந்தக் கடைசி பக்கத்த கிழிப்பியா, மாட்டியா? அத்த மட்டும் சொல்லு."

நிறுத்தினார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம். அன்று மூன்று முப்பத்தொன்றுக்கு முடிந்திருக்கும்.

"அவ்ளோதான் சார்" என்றார் ஏழுமலை. "இப்ப பஸ்ஸ எடுக்கச் சொல்லு."